மாதம் நாலு விரல்

எங்கள் கம்பெனியில் ஒரு ஜீப் உண்டு. அதை ஓட்டுகிறவன் நான். ஆகவே அந்தக் கம்பெனியில் பயப்படுவதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்ட ஆள் நான் ஒருவன்தான் என்று சொல்லலாம்.

கம்பெனி ஒரகடத்துக்குப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண் ரோட்டின் கடைசியில் இருக்கிறது. லாரிகளுக்குக் கமான் பட்டை செய்கிறோம். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக இருக்குமே, அந்த இரும்புப் பட்டை. ஒரு வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு குலுங்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில் இருக்கிறது. வண்டியின் உயரத்தைப் பற்றி இந்த வட்டாரத்தில் எங்களைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது என்று வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டே மாட்டியிருக்கிறார்கள்.

ஜீப் பழையது. நாலு சக்கரமும் இழுக்கும். பெரிய முதலாளி எங்கோ ஏலத்தில் எடுத்தது. வாசலில் ஒரு அவசர வண்டி நிற்காமல் ஷிப்ட் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கவே, அதற்கு வெள்ளை அடித்து, மேலே ஒரு சிவப்பு விளக்கு மாட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். யாருக்காவது அடிபட்டால் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என் வேலை. என் மகள் ரஞ்சனி அதே கம்பெனியில் பேக்கிங் லைனில் நிற்கிறாள். அதனால் காலையில் ஜீப்பைத் துடைக்கும்போது, இதில் அவள் ஏறவே கூடாது என்று ஒரு தடவை வேண்டிக்கொள்வேன். ஏற வேண்டி வந்தால் இது கட்டாயம் கிளம்ப வேண்டும் என்று இன்னொரு தடவை வேண்டிக்கொள்வேன். எதைக் கொடுப்பது என்று சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

போன ஐப்பசி மழையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பேச்சிராஜ் என்று தெற்கேயிருந்து வந்த தொழிலாளி. அவர் காலில் பட்டை விழுந்து கட்டைவிரல் நசுங்கிவிட்டது. ஏற்றிக்கொண்டு போனேன். மண் ரோடு மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம். அங்கே தேங்கியிருந்த தண்ணீர் இன்ஜினுக்குள் போய், ஜீப் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். நகரவில்லை. பேச்சிராஜும் இறங்கி, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே தள்ளினார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வண்டி என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவுதா, இல்ல நான் வண்டியக் கூட்டிட்டுப் போறனா?" என்று கேட்டார்.

மறுநாள் பாதுகாப்புத் துறை மேலாளர் எழிலரசன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். தலைக்கவசத்தைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

"ஒரு விபத்துன்னா அது ஒரு வாய்ப்பு, கோதண்டம். பேச்சிராஜ் தன்னோட கட்டைவிரல் மூலமா நமக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்காரு. அதை வீணாக்கினா அவருக்குத்தான் அவமரியாதை. சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

"கொஞ்சம் தூக்கினா போதும் சார். ஒரு நாலு விரல். தண்ணி ஏறாது" என்றேன்.

சுங்குவார்சத்திரத்தில் டில்லிபாபுவின் பட்டறை. பட்டைக்கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து, அதைப் பிடித்திருக்கும் கொக்கிகளைக் கொஞ்சம் நீளமாக மாற்றினான். ஜீப் சரியாக நாலு விரல் உயர்ந்தது. அடுத்த மழையில் அதே பள்ளத்தில் இறக்கினேன். எருமை குளத்தைக் கடக்கிற மாதிரி நிதானமாகக் கடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு பலகை.

கேட்டைத் தாண்டினதும் அது இருக்கிறது. பெயர் முன்னேற்றப் பலகை. ஒவ்வொரு துறையும் மாதம் ஒரு முன்னேற்றம் காட்ட வேண்டும். காட்டினால் துறைக்கு நேரே கோடு ஒரு படி மேலே போகும். மற்ற துறைகளின் கோடுகள் கொடிகள் மாதிரி ஏறிக்கொண்டே இருக்க, பாதுகாப்புத் துறையின் கோடு மட்டும் ரொம்ப நாளாகத் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அடிபடாமல் இருப்பதை எப்படி மேலே ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஜீப்பின் உயரம் என்று ஒன்று கிடைத்தது. அதைப் போட்டதும் கோடு எழுந்து நின்றது.

ஆலை முழுவதற்கும் தலைவரான பிளான்ட் ஹெட் வந்து பலகையைப் பார்த்தார். கோட்டை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "நம்ம கம்பெனி வரலாற்றுலயே முதல் தடவையா பாதுகாப்பு மேல போகுது."

எழிலரசன் சட்டையில் ஒரு பொத்தான் அளவுக்குத் தங்க நிறப் பதக்கம் குத்தினார்கள். கை தட்டினோம். கை தட்டி முடிக்கும்போதே பிளான்ட் ஹெட் கேட்டார்: "சரி, அடுத்த மாசம்?"

அடுத்த மாதம் நாங்கள் மறுபடியும் டில்லிபாபு பட்டறையில் நின்றோம்.

"இன்னா சார், போன மாசந்தான தூக்கினோம்? மறுபடியும் இன்னாத்துக்கு? பள்ளத்துல தண்ணி ஏறிக்கினு வருதா?" என்று டில்லிபாபு கேட்டான்.

"தண்ணி ஏறலை. பலகைல ஏறணும்" என்றார் எழிலரசன்.

"அப்ப பலகையத் தூக்கி மாட்டு சார். ஆணி என்னாண்ட கீது."

எழிலரசன் கோபித்துக்கொள்ளவில்லை. நிலையான முன்னேற்றம் என்றால் என்ன என்று அவனுக்குக் கால் மணி நேரம் விளக்கினார். டில்லிபாபு தலையைச் சொறிந்தபடி கேட்டுவிட்டு, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து நாலு விரல் தூக்கினான். அதற்கடுத்த மாதம் அந்தக் கட்டைமேல் இன்னொரு கட்டை வைத்தான். வைத்துவிட்டு, ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"இதுக்கு மேல தூக்கினா இது ஜீப்பு இல்ல சார், தேரு. தேருக்கே முட்டுக்கட்டை போட ஆளு கூட ஓடியாருவான். இவனுக்கு யாரு வருவா?"

'இவன்' என்றது என்னை.

தேர் என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டுத் திருப்பத்தில் அன்று சாயங்காலமே அதைத் தெரிந்துகொண்டேன். வழக்கமான வேகத்தைவிடக் குறைவாகத்தான் போனேன். ஸ்டியரிங்கை ஒடித்ததும் வண்டி திரும்பியது. ஆனால் அதன் உடம்பு திரும்பவில்லை. நேராகப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தது. உள்பக்கத்துச் சக்கரம் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போன கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாரும் என் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். திருப்பம் முடிந்து, வண்டி தொப்பென்று தன் நிலைக்கு வந்தது. அதற்குப் பிறகும் என் வலது கால் துடித்துக்கொண்டே இருந்தது. ஓரமாக நிறுத்தி, காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழிலரசனிடம் போய்ச் சொன்னேன். "சார், பயமா இருக்கு."

அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "இதை ஏன் முன்னாடியே சொல்லலை? பயங்கிறது ஒரு பயிற்சிக் குறைபாடு. சரி பண்ணிடலாம்."

"பயிற்சி வேணாம் சார். ஒரு கட்டையை உருவிட்டா போதும். கொஞ்சம் இறக்கிடலாம்."

அறையில் இருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். கோயிலுக்குள் நின்றுகொண்டு கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"இறக்குறதா?" எழிலரசன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பலகைல இறங்குறதுக்கு இடமே கிடையாது கோதண்டம். செஞ்சவங்க மேல போறதுக்கு மட்டுந்தான் கட்டம் போட்டிருக்காங்க. நான் உங்களைக் காப்பாத்துறேன்னு வச்சுக்கோங்க, அதை எந்தக் கட்டத்துல காட்டுறது?"

ஆகவே பயிற்சிக்குப் போனேன். ஷெர்லின் மேடம் நடத்தினார். அன்பான பொண்ணு. குளிர்சாதன அறை, பிஸ்கட், மெதுவாக ஒரு பாட்டு.

"அங்கிள், ஒன்னுலேருந்து பத்து வரைக்கும் வச்சா, உங்க பயம் எத்தனை?"

"பன்னெண்டு இருக்கும்மா."

"பத்துக்கு மேல கிடையாது அங்கிள்."

"அப்ப பத்து."

"சூப்பர். அடுத்த மாசம் ஒன்பதுக்கு வந்துடணும், சரியா? கண்ணை மூடிக்குங்க. ஜீப்பு ரொம்பச் சின்னதா, பொம்மை மாதிரி உங்க உள்ளங்கையில இருக்கு. தெரியுதா?"

கண்ணை மூடினேன். ஜீப் தெரிந்தது. சின்னதாக இல்லை. கூட்டு ரோட்டுத் திருப்பத்தில் என்மேல் சாய்ந்துகொண்டு வந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இழுத்ததை மேடம் நல்ல அறிகுறி என்றார்.

அதற்குப் பிறகு பலகையில் இரண்டு கோடுகள். ஒன்று ஜீப்பின் உயரம்; டில்லிபாபு கைவிட்ட பிறகு கம்பெனியிலேயே கட்டை வைத்தார்கள், அது ஏறிக்கொண்டு போனது. இன்னொன்று என் பயம், இறங்கிக்கொண்டு வந்தது. அதற்கு மட்டும் மேடம் தனியாக ஒரு கட்டம் செய்து ஒட்டியிருந்தார். என் பயம் குறைந்துவருகிற செய்தியை மற்றவர்களைப் போலவே நானும் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மற்ற துறைகளும் சும்மா இருக்கவில்லை. ஸ்டோர்ஸ்காரர்கள் லாரி டயர் மாதிரி பெரிய டயர் வாங்கிக் கொடுத்துத் தங்கள் கோட்டில் ஒரு படி ஏறினார்கள். ஜீப்பின் சிவப்பு விளக்கு கேட் வளைவில் இடித்து உடைந்ததும், பராமரிப்புத் துறை வளைவை உயர்த்திக் கட்டி ஒரு படி ஏறியது. ஓட்டுநர் இருக்கைக்குப் போக ஏணி தேவைப்பட்டது. ஏணி கொடுத்தவர்களும் ஏறினார்கள். மொத்தத்தில் கம்பெனியே மேலே போய்க்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவன் நான் மட்டும்.

மாசியில் ஒத்திகை வைத்தார்கள். நோயாளியாக நடிக்க கேண்டீனில் வேலை செய்கிற கங்காவைப் பிடித்து, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கட்டினார்கள். நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல் தூக்கியும் ஜீப்பின் பின்கதவு எட்டவில்லை. எழிலரசன் போர்க்லிப்ட்டை வரவழைத்தார். சரக்கு ஏற்றுகிற வண்டி அது. அதன் இரண்டு இரும்புக் கைகளில் கங்காவை வைத்து உயர்த்தினார்கள்.

"ண்ணா! கோதண்டண்ணா!" கங்கா ஆகாயத்திலிருந்து கத்தினாள். "சாமி ஊர்கோலத்துக்குத் தூக்குறா மாரி தூக்கிக்கினே போறானுங்க! எனக்கு ஒன்னும் இல்லன்னு சொல்லு, எறக்கச் சொல்லு!"

"நோயாளி பேசக் கூடாது" என்று எழிலரசன் கீழேயிருந்து சொன்னார்.

"நல்லாத்தான் வந்தேன்யா. இப்பதான்யா எனக்கு ஒடம்புக்கு வந்துகீது!"

ஒருவழியாக உள்ளே தள்ளினார்கள். இறங்கினதும் கங்கா நேராக முந்திரித் தோப்புப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். ஒத்திகை வெற்றி என்று அறிவித்தார்கள். உண்மையான அறிகுறிகள் தெரிந்ததற்காக அவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

ரஞ்சனி அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

"ப்பா, அந்த வண்டிய வுட்டுடுப்பா. நேத்து நீ கேட்டாண்ட திருப்பும்போது லைன்ல அத்தன பேரும் வேலைய வுட்டுட்டுப் பாத்தாங்க. ஒருத்தி கண்ண மூடிக்கினா."

"நான் வுட்டா வேற ஆளைப் போடுவாங்கம்மா."

"போடட்டுமே."

"புது ஆளு அந்தத் திருப்பத்துல சாச்சுப்புடுவான். உள்ள யாரு இருப்பான்னு நமக்குத் தெரியுமா? நீ அங்கதான நிக்கற."

அவள் தட்டை நகர்த்திவிட்டு என் வலது காலையே பார்த்தாள். உட்கார்ந்திருக்கும்போதும் அது துடிக்க ஆரம்பித்திருந்தது.

பங்குனியில், வெளிநாட்டிலிருந்து எங்கள் பட்டையை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர்களுக்கு வெள்ள காலத் தயார்நிலையைக் காட்ட வேண்டும். பங்குனி வெயிலில் பள்ளம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. எழிலரசன் கூட்டம் போட்டார்.

"வெள்ளம் இல்லைங்கிறது நம்ம கையில இல்லாத விஷயம். ஆனா வெள்ளத்தைத் தாண்டுறது நம்ம கையில இருக்கு. தாண்டுறதுக்கு வெள்ளம் வேணும். இயற்கை தவறின இடத்துல நிர்வாகம் கை கொடுக்கணும்."

டேங்கர் லாரிகள் வரிசையாக வந்தன. மண் ரோட்டின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, மெயின் ரோட்டுக்குப் போகிற ஒரே வழியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிரப்பினார்கள். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் நின்ற கங்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தாள். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை காரோ ஆட்டோவோ உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. ஜீப் மட்டும்தான் போக முடியும். அதைத்தான் காட்ட வேண்டும் என்றார் எழிலரசன்.

ஆய்வு நாளில் ஜீப்புக்கு மாலை போட்டு, தண்ணீரின் கரையில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். நான் ஏணி வழியாக ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிகளின் கூரைகள்கூடத் தெரிந்தன. கீழே வெள்ளைத் தலைக்கவசங்கள் வட்டவட்டமாக நின்றன. ஒரு வெளிநாட்டுக்காரர் கையில் நேரம் அளக்கிற நிறுத்துக் கடிகாரம். கரை மண் ஊறியிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே வண்டி லேசாக இடது பக்கம் தலை சாய்ப்பது போலத் தோன்றியது. மூச்சை மெதுவாக விட்டேன். வேகமாக விட்டால் சாய்ந்துவிடும் என்று பயம்.

அப்போது உள்ளே அபாயச் சங்கு ஊதியது.

ஒத்திகை என்று எல்லாரும் புன்னகை செய்தார்கள். எழிலரசனுக்கு மட்டும் தெரியும், அன்றைய நிகழ்ச்சி நிரலில் சங்கு கிடையாது. பேக்கிங் கூடத்திலிருந்து பேச்சிராஜ் ஓடி வந்தார், ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. அவளுடைய வலது முழங்கை முதல் விரல்வரை சிவப்பாக இருந்தது. மேலேயிருந்து முகம் தெரியவில்லை. தலையில் மஞ்சள் ரிப்பன். காலையில் என் எதிரில்தான் கட்டிக்கொண்டாள்.

நான் ஏணியில் இறங்கியது ஞாபகம் இல்லை. கீழே நின்றிருந்தேன்.

"பட்டையளச் சேத்து இறுக்குற இரும்பு நாடா அறுந்து தெறிச்சிட்டு அண்ணாச்சி. கைய வெட்டிப்புட்டு. ரத்தம் நிக்க மாட்டேங்குது." பேச்சிராஜுக்கு வாய் குழறியது.

என் துண்டை அவள் கையில் இறுக்கிக் கட்டினேன். கட்டின உடனே நனைந்தது. ரஞ்சனியின் உதடு வெளுத்திருந்தது. "ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

எழிலரசன் அருகில் வந்தார். அவர் கண்கள் மின்னின. "கோதண்டம், உண்மையான நோயாளி. இப்படி ஒரு நாள் அமையாது. ஏத்துங்க!"

"போர்க்லிப்ட் எங்க சார்?"

"அது அந்தப் பக்கம் பூ கட்டி நிக்குது. விருந்தினர் பார்வையிட்ட பிறகுதான் எடுக்கலாம். ஏணியில ஏறட்டும்." ரஞ்சனி ஏணியின் முதல் படியில் காலை வைத்து, இடது கையால் பிடித்தாள். எழிலரசன் பதறினார். "நில்லும்மா! மூன்று புள்ளிப் பிடிப்பு! ஏணி ஏறும்போது ரெண்டு கை ஒரு கால், இல்லன்னா ரெண்டு கால் ஒரு கை, எப்பவும் மூணு புள்ளி ஏணியில இருக்கணும். ஒரு கையோட ஏறினா நடுவுல ரெண்டு புள்ளிதான் இருக்கும். கடிகாரத்தோட நிக்கிறாங்க, பாத்துட்டு இருக்காங்க."

"சார், இன்னொரு கையிலதான் அடி."

"அதனாலதான் சொல்றேன். கையில அடிபட்டவங்க இந்த வண்டியில ஏறக் கூடாது. கால்ல அடிபட்டவங்களும் ஏறக் கூடாது. ரெண்டும் நல்லா இருந்தாதான் பாதுகாப்பு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு வேண்டிய இடம் முழுவதும் பயம்தான் இருந்தது. வண்டியைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். துண்டிலிருந்து மண்ணில் சொட்டுவதைப் பார்த்தேன். குனிந்து மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

கணுக்கால், முழங்கால், அதற்கும் மேலே. அடியில் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. முதுகில் ரத்தம் சூடாக வழிந்தது. சூடாக இருக்கிறவரை பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். "ரஞ்சனி, பேசும்மா, எதுனா பேசு" என்றேன். "ரோட்டுக்கு வந்துட்டமாப்பா" என்றாள். "தோ, வந்தாச்சு" என்றேன். பாதிகூட வரவில்லை. பின்னால் பேச்சிராஜ் அவள் கையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்.

நடுத் தண்ணீரில் இருக்கும்போது பின்னால் ஒரு சத்தம். இடி இல்லை. பெரிய மிருகம் ஒன்று பெருமூச்சு விட்டுப் படுக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். ஊறின கரையில் இடது சக்கரங்கள் புதைந்து, ஜீப் மாலையோடு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரில் படுத்துக்கொண்டது. அலை வந்து என் இடுப்பில் மோதியது. கரையில் யாரோ கை தட்டினார்கள். அதைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள்.

மெயின் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ. உள்ளே இருந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கி இடம் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நரம்பு தப்பிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன்.

மறுநாள் காலையில் கம்பெனி கார் வாசலில் வந்து நின்றது. ரஞ்சனியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அடிபட்டவர் மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் அது விபத்துக் கணக்கில் வருமாம். வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாம். மயக்கம் தெளியாத கண்ணோடு அவளைக் கூட்டிப்போய், முன்னேற்றப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட கையோடு உட்காரவைத்தார்கள்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிளான்ட் ஹெட், எழிலரசன், ஷெர்லின் மேடம் மூன்று பேரும் இருந்தார்கள். வண்டியைத் தூக்கிக் கொண்டுபோக வந்த டில்லிபாபு வாசலில் நின்றான்.

"வண்டி கவிழ்ந்ததுக்குக் காரணம் கண்டுபிடிச்சாச்சு. அந்த நேரத்துல உள்ள ஓட்டுநர் இல்லை" என்றார் எழிலரசன்.

"நான் உள்ள இருந்திருந்தா சார்?"

"ஓட்டுநரோட கவிழ்ந்திருக்கும். அப்ப அது விபத்து. இப்ப அது வண்டி நிறுத்தின முறைல ஒரு சின்னக் குறை. உங்க தைரியத்தால கம்பெனி தப்பிச்சது."

"இன்னா சார் பேசற நீ?" என்றான் டில்லிபாபு. அவனை வெளியே போகச் சொன்னார்கள்.

பிளான்ட் ஹெட் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விருந்தினருக்கு ரொம்பத் திருப்தி. கடிகாரத்துல பாத்தா, கேட்டுலேருந்து மெயின் ரோடு வரைக்கும் ஜீப்பைவிட நீங்க சீக்கிரமாப் போயிருக்கீங்க. பெட்ரோல் இல்லை, புகை இல்லை, கவிழலை. இது என்ன முறைன்னு கேட்டாங்க. புது முறைன்னு சொல்லிட்டேன்."

எழிலரசன் மேஜைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தார். என் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து என் முழங்கால் வரைக்கும் அளந்தார். கவனமாக இரண்டு தடவை அளந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"நேத்து தண்ணி முழங்காலுக்கு மேலதான் இருந்துச்சு. இடுப்பு வரைக்கும் வந்தா என்ன பண்ணுவீங்க? நாம முன்கூட்டியே யோசிக்கணும் இல்லையா?" ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு ஜோடி பாதுகாப்புப் பூட்ஸ். அடியில் ரப்பர் கட்டை ஒட்டியிருந்தது. நாலு விரல் தடிமன்.

"சார், நான் மனுசன் சார்."

"அதைத்தான் ஆரம்ப நிலைன்னு எழுதியிருக்கோம்" என்றார் எழிலரசன், அன்போடு.

பூட்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. டில்லிபாபு கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வா வா என்று கை காட்டினான். பலகைக்குப் பக்கத்தில் ரஞ்சனி தூங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கட்டு ஓரத்தில் சிவப்பாகக் கசிந்திருந்தது. அவளை எழுப்பி அழைத்துப்போக முடியாது. போனால் அது விபத்தாகிவிடும், விபத்தானால் அவள் வேலை போய்விடும். நாளைக்கோ மறுநாளோ கை கொஞ்சம் ஆறினதும் மறுபடி லைனில் நிறுத்துவார்கள். அந்த நாடா மறுபடியும் அறுகிற நாளில் அவளைத் தூக்க ஒரு ஆள் வாசலில் நிற்க வேண்டும்.

அவள் காலடியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். முகத்துக்கு நேரே பலகையில் புதிதாக ஒரு கட்டம் ஒட்டியிருந்தது. தலைப்பில் என் பெயர். கீழே ஓரத்தில், இந்த மாதத்துக்கு ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே பலகையின் உச்சி வரைக்கும் வெறும் வெள்ளையாக இருந்தது.